மலைநாடா, பாசறையா, பக்கத்துத் தீவா: எந்தப் பயணம் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறது?

ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கல் முடிந்த கையோடு எங்கள் பாடசாலையில் ஒரு கூட்டம் நடக்கும். இந்த வருடம் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் பேச்சு. பெற்றோரில் பெரும்பகுதி கண்டி, நுவரெலியா என்பார்கள். சாரணர் பொறுப்பாசிரியர் இரண்டு இரவுப் பாசறை போதும் என்பார். விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சரும் நானும் கீரிமலை, தொண்டைமானாறு, நெடுந்தீவு என்று பக்கத்து இடங்களைச் சொல்லுவோம். மூன்றையும் ஒரே வருடத்தில் செய்ய எங்களிடம் காசும் இல்லை, நாட்களும் இல்லை.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் புவியியல் ஆசிரியர். பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்த மூன்று வகைப் பயணங்களிலும் பிள்ளைகளோடு போய் வந்திருக்கிறேன். சில பயணங்கள் பிள்ளைகளை மாற்றியதைக் கண்ணால் கண்டேன். சில பயணங்களில் களைப்பும் படங்களும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்று யோசித்தபோது ஒரு கேள்வி எனக்கு உதவியது: அந்தப் பயணத்தில் பிள்ளையின் கையில் என்ன வேலை இருந்தது? அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே மூன்றையும் பார்க்கிறேன்.

மலைநாட்டுச் சுற்றுலா

முதலில் பெற்றோரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னுடைய நியாயமும்தான்.

எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு மாரி மழைக்கு ஓடும், பிறகு வயலோடு வயலாகக் கிடக்கும். பெய்கிற மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளைக்கு, ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது என்று நான் கரும்பலகையில் ஒரு முக்கோணம் கீறிக் காட்டுகிறேன். அந்தப் பிள்ளையின் மனதில் மலை என்பது ஒரு முக்கோணம்தான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 1990 இல் போரால் மூடப்பட்டபோது நான் சின்னப் பையன். அது திரும்பத் திறந்தது 2002 இல். இடைப்பட்ட காலத்தில் எங்கள் வகுப்புச் சுற்றுலா என்றால் சைக்கிளில் கீரிமலை, அதுவும் நிலைமை சரியாக இருந்தால். நான் முதன்முதல் மலையைப் பார்த்தபோது எனக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். சமவுயரக் கோடு கீறத் தெரியும், சாய்வைக் கணக்கிடத் தெரியும், மலை எப்படி இருக்கும் என்று தெரியாது. தம்புள்ளை தாண்டி வான் போய்க்கொண்டிருந்தபோது தூரத்தில் தெரிந்த நீல நிறத்தை மழைமேகம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர் மலை என்றார். அதற்குப் பிறகு நெடுநேரம் நான் யாரோடும் பேசவில்லை.

2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடியது, 2009 இல் போர் முடிந்த பிறகு திறந்தது. ஆகவே மகனை, மகளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று ஒரு தகப்பன் கேட்கும்போது அதை வெறும் ஊர் சுற்றும் ஆசை என்று என்னால் தள்ள முடிவதில்லை. தனக்குக் கிடைக்காததைக் கேட்கிறார்.

அங்கே பிள்ளைகளுக்குக் கிடைப்பதும் சின்ன விடயம் இல்லை. பேராதனைப் பூங்காவை மூன்று பக்கமும் மகாவலி சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஒருமுறை தரம் 8 பையன் ஒருவன் கரையில் நின்று இலையொன்றை நீரில் போட்டான். அது போய் மறைந்தது. இன்னொன்றைப் போட்டான். அதுவும் போனது. திரும்பி என்னைப் பார்த்து, "சேர், இது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டான். ஆறு என்ற சொல் அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. 335 கிலோமீற்றர் நீளம் என்று அவன் அதற்கு முன்பே மனப்பாடம் செய்திருந்தான்.

நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் அம்மாமாரோடு பேசிய பிள்ளைகள், அவர்களும் தமிழ், ஆனால் வேறு மாதிரித் தமிழ் என்று கண்டு ஆச்சரியப்பட்டார்கள். பஸ்ஸுக்குள் அது பெரிய பேச்சாகி, 1820களில் தொடங்கி தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்ட மக்களின் கதையை நான் சொல்ல வேண்டி வந்தது. பாடப்புத்தகத்தில் இரண்டு பந்தியாக இருப்பதை அன்று ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். பொலநறுவையில் சோழர் கட்டிய வானவன்மாதேவீச்சரத்தின் சுவரில் இருக்கும் தமிழ் எழுத்துகளை விரலால் தொடர்ந்து போய் "இது ம, இது ன" என்று கண்டுபிடித்தார்கள். கடையில் தங்கள் பாடசாலைச் சிங்களத்தில் விலை கேட்டு, கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே திருத்திச் சொல்ல, அதைத் திருப்பிச் சொன்ன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சரி, இவ்வளவும் கிடைத்தால் ஏன் யோசிக்க வேண்டும்? நாங்கள் போகிற முறையால்தான்.

வழக்கமான திட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நள்ளிரவில் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து பஸ் புறப்படும். அனுராதபுரம், சிகிரியா, கண்டி, பேராதனை, நுவரெலியா, பின்னவல என்று மூன்று நாளில் ஏழு, எட்டு இடம். கண்டிக்கு மட்டும் ஒருவழித் தூரம் 320 கிலோமீற்றருக்குக் கிட்ட. இறங்கி நின்ற நேரத்தைவிட பஸ்ஸில் இருந்த நேரம் கூட. நள்ளிரவில் வெளிக்கிடுவதால் ஆனையிறவு உப்பளம், வன்னிக் காடு, குளங்கள் எல்லாம் இருட்டிலேயே போய்விடும். உலர் வலயம் மெல்ல மெல்ல ஈர வலயமாக மாறுவதைக் கண்ணால் காட்டுகிற அருமையான வீதி அது. எங்கள் பிள்ளைகள் அதை நித்திரையில் கடக்கிறார்கள், திரும்பும்போதும் நித்திரையில் கடக்கிறார்கள். சாரதியும் மனிதர்தான், அவருக்கும் அந்த நேரம் நித்திரை வரும் நேரம் என்பதை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

அமெரிக்காவில் ஆர்கன்சோ மாநிலத்தில் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவிய அருங்காட்சியகம் 2011 இல் திறந்தது. வர விரும்பிய பாடசாலைகள் அளவுக்கு மேல் இருந்ததால் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்தார்கள். அதனால் போனவர்களையும் போகாதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஏறக்குறைய 11,000 மாணவர்களை வைத்துச் செய்த அந்த ஆய்வு 2014 இல் வெளிவந்தது. போய் வந்தவர்கள் பார்த்ததை வாரங்கள் கழித்தும் நினைவில் வைத்திருந்தார்கள், முன்பின் பார்க்காத ஓவியத்தைக் கூர்ந்து அலசினார்கள், பழங்கால மனிதரின் நிலையில் தங்களை வைத்துப் பார்த்தார்கள். கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் வறிய பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பலன் கூடுதலாக இருந்தது. என்னை யோசிக்க வைத்தது இன்னொரு தகவல்: அவர்கள் உள்ளே சுற்றியது ஒரு மணி நேரம்தான், அதில் நின்று பேசியது ஐந்து ஓவியங்கள் அளவுக்கு. நாங்கள் ஒரு மணி நேரத்தில் ஒரு இராசதானியையே முடித்துவிடுகிறோம்.

அப்புறம், வராத பிள்ளைகள். 38 பேர் உள்ள வகுப்பில் ஒருமுறை ஒன்பது பேர் வரவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வீட்டில் விசேஷம், இப்படி ஒவ்வொன்று சொன்னார்கள். உண்மைக் காரணம் காசு என்று எனக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். திரும்பி வந்த கிழமை முழுவதும் மற்றவர்கள் பஸ்ஸில் பாடிய பாட்டைப் பாடிக்கொண்டிருக்க அந்த ஒன்பது பேரும் இடைவேளைக்கு மாமரத்தடிக்குப் போனார்கள். ஒரு பயணம் வகுப்பை இரண்டாகப் பிரிக்கும் என்றால் அதன் மற்றப் பலன்களை நான் குறைத்துத்தான் மதிப்பிடுவேன்.

பாசறை

1907 இல், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு இருபது பையன்கள் அளவில் கூட்டிக்கொண்டு போனார். பணக்காரப் பாடசாலைப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் வேண்டுமென்றே கலந்து, சிறு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனே தலைவன். 1912 இல் அந்த முறை மாத்தளை வழியாக இலங்கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் அதன் வேர் ஆழமானது, 2016 இல் தேசிய ஜம்போரியே இங்கு நடந்தது. கூடாரமும் பாசறைத் தீயும் கழுத்துத் துணியும் எல்லோருக்கும் தெரிந்தவை. எனக்கு அதில் முக்கியமாகத் தெரிவது அந்த அணி முறைதான். ஏழெட்டுப் பிள்ளைகள், ஒரு அடுப்பு, ஒரு பானை. ஆசிரியர் சமைத்துத் தரமாட்டார்.

சில வருடங்களுக்கு முன் வடமராட்சியில் ஒரு பாடசாலை மைதானத்தில் வேப்பமரங்களுக்குக் கீழே இரண்டு இரவு பாசறை போட்டோம். சாரணர் அல்லாத தரம் 9 பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு அணியில் வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் பையனும், எப்போதும் கடைசி வரிசையில் இருக்கும் பையனும் சேர்ந்து விழுந்தார்கள். முதலாமவன் நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். ஆனால் அடுப்பு மூட்டத் தெரியாது. பச்சை மட்டையை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து போனான். மற்றவன் கரையோரத்துப் பிள்ளை, தகப்பன் கடற்றொழிலுக்குப் போகிறவர். அவன் எழும்பிப் போய் காய்ந்த பன்னாடையும் ஊமலும் பொறுக்கி வந்தான். கையை உயர்த்திக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான். அடுப்புக் கல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். ஒரு குச்சியில் தீ பிடித்தது. கூடாரக் கயிற்றைக் கட்டும்போதும் அவன்தான் தலைவன். மற்றவர்கள் புத்தகத்துப் படத்தைப் பார்த்துப் பழகிய முடிச்சை அவன் சின்ன வயதிலிருந்து வள்ளம் கட்டப் போட்டு வருகிறான்.

இதோடு நின்றிருந்தால் இது ஒரு நல்ல மாலைப்பொழுது மட்டும்தான். இரண்டு கிழமை கழித்து வகுப்பில் பருவக்காற்றுப் பாடம் வந்தது. நான் காற்றின் திசைகளைக் கீறிக்கொண்டிருக்க, முதலாவதாக வருகிற பையன் எழும்பி, "சேர், அவனைக் கேளுங்கோ, அவனுக்குக் காத்தெல்லாம் தெரியும்" என்றான். கேட்டேன். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கையும் சொன்னான். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும், எந்தக் காற்றில் கடலுக்குப் போகக்கூடாது என்றும் சொன்னான். நான் வடகீழ்ப் பருவக்காற்று, தென்மேல் பருவக்காற்று என்ற புத்தகப் பெயர்களுக்குப் பக்கத்தில் அவற்றை எழுதினேன். அந்தப் பையன் அன்று முதல் முன்வரிசைக்கு வந்துவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன், வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினான். வகுப்பும் அவனைக் கேட்கத் தொடங்கியது.

இப்படியான பலன் நிலைத்து நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: பல நாள் வெளிக்கள முகாம்களைப் பற்றிய 96 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1997 இல் ஒரு மீளாய்வு வெளிவந்தது. தன்னம்பிக்கை, தன்னைத் தான் ஆளும் திறன், தலைமைத்துவம் போன்றவற்றில் முகாம் முடிவில் முன்னேற்றம் இருந்தது. அதற்குப் பிறகு அளந்தபோது அது இன்னும் கூடியிருந்தது. வழமையாக வகுப்பறைத் திட்டங்களின் பலன் நாட்போக்கில் மங்கிப் போகும், இது மேலே போனது. அந்த முகாம்கள் பெரும்பாலும் எங்கள் இரண்டு இரவைவிட நீண்டவை என்பதையும் சொல்ல வேண்டும்.

போன் விடயத்தில் ஒரு சின்ன ஆய்வு எனக்குப் பிடித்தது. 2014 இல் வெளிவந்த அந்த ஆய்வுக்காகக் கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேரை எந்தத் திரையும் இல்லாத வெளிக்கள முகாமில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். முகத்தையும் உடல் அசைவையும் பார்த்து மற்றவரின் உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் திறனில், வழமை போல இருந்த 54 பேரைவிட அவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். எங்கள் பாசறையில் போன்களை வாங்கி அதிபரின் அலுமாரியில் பூட்டினோம். முதல் நாள் கைகள் சும்மா சும்மா சட்டைப்பையைத் தடவின. இரண்டாம் நாள் இரவு தீயைச் சுற்றி இருந்து அவரவர் அம்மம்மா சொன்ன இடப்பெயர்வுக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார்கள். அதை யாரும் திட்டமிடவில்லை.

செலவும் குறைவு. அரிசி, பருப்பு, பூசணிக்காய், தேங்காய் எல்லாம் வீடுகளிலிருந்து வந்தன. சோறு அடிப்பிடித்தது, சொதியில் உப்புக் கரித்தது, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்கள். வீட்டில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாத பிள்ளைகள் பானைக் கரியைச் சாம்பலும் பொச்சும் போட்டுத் தேய்த்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு மகன் தன் பாயைத் தானே சுருட்டி வைக்கிறான் என்று ஒரு தாய் வந்து சொன்னார்.

குறைகள் உண்டு. ஒரு பாசறையில் இரண்டாம் நாள் மத்தியானம் தாய்மார் நான்கு பேர் ஆட்டோவில் கோழிக்கறிப் பார்சலோடு வந்து இறங்கினார்கள். பிள்ளை பருப்பும் சோறும் தின்று வாடிப்போகும் என்ற அன்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பார்சல் வந்த நேரத்தோடு அடுப்படி வேலை நின்றது, அணிகள் கலைந்தன, மிச்ச நேரம் பிக்னிக் ஆகிவிட்டது. இன்னொரு வகைப் பாசறையும் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை விசில்தான். எழும்பு, ஓடு, நில், சாப்பிடு. அதில் ஒழுங்கு இருக்கும், பிள்ளை தானாக முடிவெடுக்கிற இடம் ஒன்றும் இருக்காது.

பெண்பிள்ளைகளின் விடயம் எனக்கு மனவருத்தம். இரவு தங்குவது என்றதும் பல வீடுகளில் கதவு மூடிவிடுகிறது. பெண் ஆசிரியர்கள் கூடவே தங்கி, மலசலகூட வசதியும் வெளிச்சமும் உள்ள பாடசாலைக் கட்டடத்துக்குள் படுக்க ஒழுங்கு செய்து, முதல் நாள் மாலை பெற்றோரே வந்து இடத்தைப் பார்த்துப் போகலாம் என்று சொன்ன வருடம் கூடுதலான பிள்ளைகள் வந்தார்கள். அவ்வளவு செய்தும் வராதவர்கள் இருந்தார்கள்.

பக்கத்து இடங்கள்

"கீரிமலைக்கு நாங்களே கூட்டிக்கொண்டு போவம், அதுக்கு ஏன் பள்ளிக்கூடம்?" என்று பெற்றோர் கேட்பார்கள். உண்மைதான். ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் செய்யப் போயிருக்கிறார்கள், கேணியில் குளித்திருக்கிறார்கள். கடலுக்கு இத்தனை கிட்ட நல்ல தண்ணீர் எப்படி ஊறுகிறது என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறதா? மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்துக்குக் கீழே கடல்நீரின் மேல் மிதக்கிற நன்னீராகத் தங்கி, சரிவு கிடைத்த இடத்தில் கடலை நோக்கி வெளியே வருகிறது. எங்கள் எல்லோர் வீட்டுக் கிணறும் அந்த நீரைத்தான் தருகிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். யாழ்ப்பாணத்தில் சீவிக்கிற ஒருவருக்கு இதைவிட அவசியமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

இதைச் செய்து பார்க்கவும் முடியும். கீரிமலைக் கடல்நீர், கேணி நீர், தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் இரண்டு பக்கத்து நீர், பாடசாலைக் கிணற்று நீர் என்று போத்தல்களில் எடுத்து வந்தோம். ஒவ்வொன்றிலும் 100 மில்லிலீற்றரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிட்டு, மிஞ்சிய உப்பை ஆய்வுகூடத் தராசில் நிறுத்தோம். கடல்நீர் மூன்றரைக் கிராமுக்குக் கிட்டத் தந்தது. மற்றவை ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். தடுப்பணை எதற்கு என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பயணத்துக்கு 38 பேரும் வந்தார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்புவதால் பெண்பிள்ளைகளுக்கும் தடை இல்லை, பஸ் காசும் பெரிய தொகை இல்லை. திரும்பத் திரும்பவும் போகலாம். வழுக்கையாற்றை மாசியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் பார்த்த பிள்ளைக்குப் பருவகாலம் என்றால் என்ன என்று தெரியும். கண்டிக்கு வருடத்தில் இரண்டு முறை யார் போவார்?

யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கணித ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணியாகக் கட்டினார்கள். ஒழுங்கான ஐங்கோணியின் அகக்கோணம் 108 பாகை. கொத்தளத்தின் மேல் நின்று பார்த்து, பக்கங்களைக் காலடியால் அளந்து, கட்டியவர்கள் எவ்வளவுக்குச் சரியாகக் கட்டினார்கள் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

நெடுந்தீவு தனி ரகம். குறிகட்டுவானில் இருந்து படகில் ஒரு மணி நேரம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அது வெளிநாடு. முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், திறந்த வெளியில் நிற்கும் குதிரைகள், ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம், குடிதண்ணீருக்குப் படும் பாடு. சோளகம் எழும்பினால் அந்தக் கடல் பொல்லாதது. மாசி, பங்குனியில் போவதுதான் நல்லது, உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே ஏற வேண்டும். கடலில் குளிக்க விடுவதில்லை என்ற விதியில் நான் எந்தப் பிள்ளைக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்றிலும் மிக எளிதாகப் பழுதாகிப்போவது இந்த உள்ளூர்ப் பயணம்தான். மலைநாட்டுக்கு ஆயத்தமில்லாமல் போனாலும் மலை தன் வேலையைச் செய்யும். கீரிமலைக்கு ஆயத்தமில்லாமல் போனால் ஐஸ்பழம் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். போத்தலும் தாளும் கேள்வியும் இல்லாமல் நான் கூட்டிக்கொண்டு போன ஒரு வருடம் அப்படியே நடந்தது. பிழை என்னுடையது.

ஆயத்தம் பற்றி இஸ்ரேலில் ஓரியன், ஹொஃப்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994 இல் எழுதியது எனக்கு நல்ல வழிகாட்டியாக இருந்தது. புதிய இடத்துக்குப் போகும் பிள்ளையின் மனம் முதலில் அந்த இடத்தின் புதுமையிலேயே செலவாகிறது. எங்கே போகிறோம், எப்போது சாப்பாடு, எவ்வளவு நடக்க வேண்டும், என்ன செய்யச் சொல்வார்கள் என்ற பதற்றம் தீர்ந்த பிறகுதான் படிப்புக்கு இடம் வரும். அதையெல்லாம் முதலே வகுப்பில் சொல்லி, வரைபடம் காட்டி, பயன்படுத்தப் போகும் கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கினால் போய் இறங்கியதும் வேலை தொடங்கும். பக்கத்து இடத்தில் அந்தப் புதுமை இயல்பாகவே குறைவு. தூர இடத்துக்கு இந்த ஆயத்தம் இரண்டு மடங்கு வேண்டும், நாங்களோ அங்கேதான் ஒன்றுமே சொல்லாமல் பஸ் ஏற்றுகிறோம்.

அப்படியென்றால் எது?

சாதாரண தரப் பெறுபேறு கூடுமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். மூன்றில் எதற்கும் அந்த உத்தரவாதத்தை நான் தரமாட்டேன். நிலத்தடி நீர், காற்று, தரைத்தோற்றம் போன்ற பாடங்களில் கண்ட பிள்ளை நன்றாக எழுதுகிறது என்பது மட்டும் விடைத்தாள் திருத்தும்போது தெரிகிறது. செலவில் பாசறையும் உள்ளூர்ப் பயணமும் ஏறக்குறையச் சமம், மலைநாடு எட்டாத உயரம். எல்லோரையும் சேர்ப்பதில் உள்ளூர் முதலிடம். ஆபத்து மூன்றிலும் உண்டு: வீதியில் நித்திரை, பாசறையில் பாம்பும் மழையும், தீவில் கடல். ஐப்பசி, கார்த்திகையில் பாசறை என்ற பேச்சே வேண்டாம்.

பிள்ளையின் கையில் வேலை இருந்ததா என்ற என் கேள்விக்குப் பாசறைதான் நேரான பதில் சொல்கிறது. அங்கே வேலை செய்யாவிட்டால் சாப்பாடு இல்லை. ஆகவே ஒரு பிள்ளையின் பாடசாலைக் காலத்தில் ஒரேயொரு பயணம்தான் என்றால், நான் பாசறைக்கே அனுப்பச் சொல்வேன். இதை எழுதும்போதே தம்புள்ளையில் மேகம் என்று நான் நினைத்த அந்த நீல நிறம் கண்ணுக்குள் வருகிறது. மனம் மலையைக் கேட்கிறது, பதினைந்து வருட அனுபவம் பாசறையைச் சொல்கிறது. ஒரு பாடசாலை பல வருடத்துக்குத் திட்டமிட முடியுமென்றால் தரம் 6 முதல் 8 வரை வருடத்துக்கு இரண்டு உள்ளூர்ப் பயணம், தரம் 9 இல் பாசறை, தரம் 10 இல் மலைநாடு என்று வைக்கலாம். அளக்கவும் சமைக்கவும் பழகிய பிள்ளை மலைக்குப் போனால் அங்கேயும் சும்மா இருக்காது.

இந்த வருடக் கூட்டத்தில் பெற்றோர் மலைநாட்டையே தெரிவு செய்தார்கள். நான் எதிர்க்கவில்லை, நான்கு மாற்றங்கள் கேட்டேன். நள்ளிரவில் அல்ல, விடிய ஐந்து மணிக்குப் புறப்படுவது. இடங்கள் இரண்டே இரண்டு, பேராதனையும் நுவரெலியாவும். காசை ஒரேயடியாக வாங்காமல் மாசியிலிருந்து கிழமைக்குக் கொஞ்சமாக வகுப்பு உண்டியலில் சேர்ப்பது, குறைகிற தொகையைப் பழைய மாணவர்கள் பெயர் சொல்லாமல் நிரப்புவது. நுவரெலியாவில் தங்கும் பாடசாலையில் ஒரு இரவுச் சாப்பாட்டைப் பிள்ளைகளே அணி அணியாகச் சமைப்பது. கடைசி மாற்றத்துக்குத்தான் வாதம் நீண்டது. அதிபர் என் பக்கம் நின்றார்.

இப்போது வகுப்பில் அணிகள் பிரித்தாயிற்று. ஒரு அணி பருப்பும் கத்தரிக்காயும் என்கிறது, இன்னொன்று கிழங்குப் பிரட்டல் என்கிறது. நடுவில் ஒரு பிள்ளை, மலையில் சோறு வேக நேரம் எடுக்குமாமே, உண்மையா என்று கேட்டது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டக் கொதித்துவிடும், ஆகவே வேக நேரம் எடுக்கும் என்று விஞ்ஞான ரீச்சர் சொன்னார். சொன்னதை நம்பி விடுகிற பிள்ளைகள் இல்லை இவர்கள். ஆய்வுகூடத்து வெப்பமானி இரண்டைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை இங்கேயும் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து அளந்து எழுதினார்கள். புத்தகம் சொல்லும் 100 பாகைக்கு அரைப் பாகை குறைவாக வந்திருக்கிறது. வெப்பமானியின் பிழையா, பார்த்த கண்ணின் பிழையா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.